படகுக்குப் புல்லரித்த கோடை

சங்குமுனைக் கரையில் ஃபைபர் படகுகளைச் செப்பனிடும் கொட்டகையில் பதினாறு ஆண்டுகளாகத் தேய்ப்பு வேலை பார்த்துவந்த பெர்பெத்துவாள், அடைக்கலமாதா என்ற படகின் வலப்பக்கத்தில் முதன்முதலாகப் புல்லரிப்பைக் கண்ட சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், அதைப் புல்லரிப்பு என்று நினைக்கவில்லை. கட்டையைத் தேர்ந்தெடுத்ததில் தான் செய்த பிழை என்றே நினைத்தாள்.

அப்படி நினைப்பதுதான் அவள் இயல்பு. உப்புத்தாளைச் சுற்றிப் பிடிக்க ஏதோ ஒரு கட்டை இருந்தால் போதும் என்று எண்ணுகிறவர்கள் தேய்த்த படகுகளை அவள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். கட்டை கடினமாக இருந்தால் அது மேட்டை மட்டும் அறுத்துப் பள்ளத்தைத் தொடாமல் கடந்துபோகும், ஆகவே படகின் நீண்ட பக்கங்களுக்கு அதுதான் சரி; மெத்தென்ற கட்டையோ மேட்டிலும் ஏறும், பள்ளத்திலும் இறங்கும், இரண்டையும் பளபளப்பாக்கி இரண்டையும் அப்படியே விட்டுவைக்கும், ஆகவே அதை வளைவுகளுக்கு மட்டுமே எடுக்க வேண்டும். அவளுடைய தகரப் பெட்டியில் இரண்டு முழ நீளத் தேக்குப் பலகை ஒன்றும், உள்ளங்கை அகல வேப்பங்கட்டை இரண்டும், இவற்றுக்குக் கீழே வாரை உருவிவிட்டு அடிப்பாகத்தை மட்டும் வைத்துக்கொண்ட ரப்பர்ச் செருப்புகள் சிலவும் இருந்தன. படகின் அடிவயிறு வளைந்து மேலேறும் இடத்தில் தேய்க்க, யாரோ ஒருவர் நடந்து நடந்து பதப்படுத்திய செருப்பைவிட நல்ல கட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது என்பது அந்தக் கொட்டகைக்கு மட்டும் தெரிந்த தொழில் ரகசியம். படகுக்காரர்களிடம் அதைச் சொல்வதில்லை. செருப்புக் காலோடு படகில் ஏறுவதைக் கோயிலுக்குள் செருப்போடு நுழைவதாகக் கருதும் ஆட்கள் அவர்கள்.

அந்த ஆண்டு கொட்டகையில் செருப்புக்குப் பஞ்சமில்லை. மார்கழி மழையில் ஆறு கரையுடைத்து உள்நாட்டு ஊர்களை மூழ்கடித்தபோது, சங்குமுனைக்காரர்கள் யாரும் கேட்பதற்கு முன்பே படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். அடைக்கலமாதாவின் சொந்தக்காரனான கிறிசோஸ்தம் தன் ஆட்கள் மூவரோடு மூன்று நாள் வயலும் தெருவும் ஒன்றாகிப்போன தண்ணீரில் ஓடி, மொட்டைமாடிகளிலிருந்தும் மரக்கிளைகளிலிருந்தும் அறுபத்திரண்டு பேரை இறக்கிக் கரைசேர்த்தான். கழுத்தளவு வெள்ளம் என்றாலும் பழக்கம் பழக்கம்தான், ஒவ்வொரு மாடியின் ஓரத்திலும் படகை அணைத்து, "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க!" என்று அவன் கத்த, உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்த அந்த மனிதர்களும் மறுபேச்சின்றிக் கழற்றிக் கைப்பிடிச் சுவர்மேல் சோடி சோடியாக அடுக்கிவைத்துவிட்டு ஏறினார்கள். முகாமில் இரண்டு வாரம் அவர்கள் வெறுங்காலோடு நடந்ததை நினைத்துக் கிறிசோஸ்தம் பிற்பாடு வெட்கப்பட்டான். இரண்டாவது முறை பொங்கிய வெள்ளம் அந்தச் செருப்புகளையும் வாரிக்கொண்டு ஆற்றோடு வந்து, ஆறு கடலில் சேரும் இடமான சங்குமுனையின் மணலில், தை பிறப்பதற்குள் ஆளுக்கு ஒன்றாவது ஒதுக்கிவைத்தது. பெர்பெத்துவாள் கோணிப்பையை எடுத்துக்கொண்டு போய் அவற்றைப் பொறுக்கி வந்தாள்.

கடைசியாக, அறுபத்திரண்டாவது ஆளாக அந்தப் படகு ஏற்றிக்கொண்டவர், பாதி மூழ்கிய பேருந்தின் கூரையில் முப்பத்தொரு மணி நேரம் நின்றிருந்த அதன் ஓட்டுநர் தொம்மையந்தோணி. அவர் கிறிசோஸ்தமின் அண்ணன், பெர்பெத்துவாளின் கணவர். அவர் வீடு திரும்பிய காலையில் அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்றார். பயணிகளை அனுப்பிவிட்டுக் கூரையில் தனியாக நின்ற முப்பத்தொரு மணி நேரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அந்த நேரத்தை எப்படிக் கடந்தாள் என்று அவளும் சொல்லவில்லை. கொழுந்தனிடமோ படகிடமோ கடவுளிடமோ அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆகவே வேலைக்குப் போனாள்.

உள்நாட்டு மக்கள் வீட்டைக் கழுவி, சேற்றை வாரி, இறந்த மாடுகளைப் புதைத்து, புதிதாக அடுப்புப் போட்டு, பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கி முடித்தபோது சித்திரை பிறந்துவிட்டிருந்தது. நன்றி சொல்ல அவர்களுக்கு அப்போதுதான் நேரம் கிடைத்தது. அதற்குள் அடைக்கலமாதா மதில்களும் இரும்புக் கதவுகளும் கிழித்த காயங்களோடு கொட்டகைக்கு வந்திருந்தது. பெர்பெத்துவாள் அக்காயங்களைப் பட்டிப் பசை வைத்து அடைத்து, பலகை போட்டுத் தேய்த்து, துணியைக் கையில் விரித்துக் கண்ணை மூடித் தடவிப் பார்த்து, வலப்பக்கம் முடிந்தது என்று திருப்தியோடு எழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, ஒரு வேனிலிருந்து இறங்கிய மனிதர் நேராக வந்து படகின்மேல் இரண்டு கைகளையும் வைத்து, "நல்லா இருப்ப தாயி, நீ நல்லா இருப்ப" என்றார்.

அவர் போனபின் தடவிப்பார்த்தால் உள்ளங்கைக்கடியில் கடுகைக் கொட்டியதுபோல் இருந்தது.

மெத்தென்ற கட்டையை எடுத்துவிட்டோமோ என்று பெட்டியைப் பார்த்தாள். இல்லை, தேக்குப் பலகைதான். பலகையைப் போட்டு மறுபடி அறுத்தாள். மறுநாள் இன்னொரு குடும்பம் வந்து, வாழைத்தார் ஒன்றைப் படகின் முன் வைத்து, பிள்ளைகளைத் தூக்கி அதைத் தொடவைத்துவிட்டுப் போயிற்று. முன்முனையிலிருந்து பின்பலகைவரை, பொடிப்பொடியாக, ஒரே சீரான இடைவெளியில், படகு முழுவதும் எழுந்து நின்றது. கூட வேலைசெய்யும் அமலோற்பவம் முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு நெடுநேரம் பார்த்தாள்.

"எக்கா, இது ஒங்க கட்டையில உள்ள கோளாறு இல்ல. படகுக்குப் புல்லரிக்கி."

"சும்மா கெட. ரெசின் பசை சரியா எறுகியிருக்காது."

"எறுகாத ரெசின் ஆளப் பாத்து எந்திரிக்குமாக்கும்? எங்க மாமியாருக்கு ஞாயித்துக்கெழம பூசையில இப்படித்தான் நிக்கும். நான் நெதம் பாக்கேன்."

ஊர் அதை வெகுவிரைவில் பழகிக்கொண்டது. படகுக்குக் குளிர்கிறது என்று சொல்லி ஒரு பெண் பழைய போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். இன்னொருத்தி தேங்காயெண்ணெய் தடவ வந்தாள். எண்ணெய் பட்டால் மேல்பூச்சு பிடிக்காது என்று பெர்பெத்துவாள் அவளைத் தடுத்துத் திருப்பியனுப்பினாள். பங்குச் சாமியார் வந்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சிலைகள் வடிக்கும் கண்ணீரைப் பற்றியும் வீசும் நறுமணத்தைப் பற்றியும் ஆயருக்கு எப்படி எழுதுவதென்று தமக்குத் தெரியும், புல்லரிப்பைப் பற்றி எழுதும் முறை தெரியாது, ஆகவே எழுதப்போவதில்லை என்றும், ரெசின் தீப்பற்றும் பொருள் என்பதால் யாரும் மெழுகுவர்த்தி கொளுத்தக் கூடாது என்றும் அறிவித்தார். ஆண்டுப் பரிசோதனைக்கு வந்த அலுவலர் படிவத்தில் மேற்பரப்பின் நிலை என்ற இடத்தில் 'நெகிழ்ச்சி' என்று எழுதி, அடித்து, 'பரிசீலனையில்' என்று திருத்திக் கையெழுத்திட்டார். தேநீர்க் கடையில் வைகாசி மாதத்துப் பேச்சு, புல்லரிப்பு எப்படி வந்தது என்பதைப் பற்றியதாக இல்லை. வாழைத்தாருக்கு எவ்வளவு உயரம் எழுகிறது, முறுக்குத் தூக்குக்கு எவ்வளவு எழுகிறது என்பதைப் பற்றியதாகவே இருந்தது.

பெர்பெத்துவாளுக்கு மட்டும் அதில் வேடிக்கை இல்லை. சொரசொரப்பான படகைக் கடல் பிடித்து இழுக்கும். எஞ்சின் இருமடங்கு எண்ணெய் குடிக்கும். மற்றவர்கள் மீனை விற்றுவிட்டு வீட்டுக்குப் போனபிறகுதான் அது கரைக்கு வரும். ஆகவே அறுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வேனுக்கு வேன், வாழ்த்துக்கு வாழ்த்து, அது மறுபடி எழுந்தது, ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் படகின் தோல் இழை இழையாய்க் குறைந்துவந்தது. வைகாசி நடுவில் ஒருநாள் அவள் உள்ளே குனிந்து பார்த்தபோது, வெயில் பட்ட பக்கம் முட்டை ஓட்டைப் போல வெளிச்சத்தை உள்ளே விட்டது. வேப்பங்கட்டையைப் போட்டால் படகு கூசி ஒரு விரற்கடை விலகிக்கொள்வதையும் அவள் கை உணர்ந்தது. செருப்புக் கட்டையைப் போட்டாலோ அது மேட்டின்மேல் வழுக்கிக்கொண்டு போய் ஒன்றையும் தொடாமல் திரும்பியது. சரியான கட்டை எது என்று தெரியாமல் அவள் தவித்தது அந்தப் பதினாறு ஆண்டுகளில் அதுவே முதல் தடவை.

கிறிசோஸ்தம் ஒரு மாலை வந்து படகின் உள்ளே நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்தான்.

"மைனி, ஆனி மொத வெள்ளிக்கெழம மீன்பாடு தொடங்கும். அந்த நாப்பது நாளுதான் எங்க நாலு குடும்பத்துக்கும் வருசத்துச் சோறு. அதுக்குள்ள இது நேராகலன்னா, ரம்பத்த வச்சு அறுத்துட்டு எஞ்சின மட்டும் கழட்டிட்டுப் போயிருவேன்."

"அறுத்துருவீயளா?"

"ஓட்டையாப் போயி நடுக்கடல்ல தாழுறதுக்கு, கரையிலேயே முடிஞ்சுபோனா நல்லது." சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கு மட்டும் மனசு இருக்காதா?"

அன்றைக்கு ஊர்க் கமிட்டி கூடி, கொட்டகையைச் சுற்றிக் கயிறு கட்டி, பலகையொன்று எழுதி மாட்டியது: 'தயவுசெய்து படகை வாழ்த்தாதீர்கள்.' உள்நாட்டுச் சனங்கள் கயிற்றுக்கு அப்பால் நின்று, கொண்டுவந்ததைக் கீழே வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் படகைப் பார்த்தார்கள். பார்த்ததற்கே அது எழுந்தது. கயிற்றை இன்னும் பத்தடி தள்ளிக் கட்டினார்கள். சனங்கள் முகம் சுருங்கித் திரும்பிப்போனார்கள். நன்றி சொல்லப் போன இடத்தில் நாயைப்போல விரட்டினார்கள் என்று ஒருவர் சொன்னதாகச் செய்தி வந்தபோது சங்குமுனையில் அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மீன்பாட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்துவிட்டாள். ஐம்பது வயதிருக்கும், உள்நாட்டுக் கடைத்தெரு ஒன்றில் வண்டி வைத்து இஸ்திரி போடும் சுடலைவடிவு. அமலோற்பவம் கையை நீட்டி மறித்தாள்.

"வாழ்த்தப்படாது! பலகையப் பாக்கலியா?"

"நான் வாழ்த்த வரல தாயி. எனக்கும் அவகளுக்கும் ஒரு வழக்கு இருக்கு." அவள் நேராகப் பெர்பெத்துவாளின் கையைச் சுட்டினாள். "அது எஞ்செருப்புல்லா?"

பெர்பெத்துவாள் கையிலிருந்ததைத் திருப்பினாள். நீலநிற அடி, குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்தது, விரல்பக்கம் நெருப்புத்துண்டு விழுந்து பொசுக்கிய பிறைபோன்ற வடு.

"பொட்டியிலேர்ந்து கங்கு விழுந்தது. இந்தா, கால்லயும் இருக்கு பாருங்க" என்று காலைத் தூக்கிப் பெருவிரலைக் காட்டினாள் சுடலைவடிவு. "மாடிச் செவுத்துல வச்சிட்டு வந்தேன். இம்புட்டுத் தூரம் என்னத் தேடி அது வந்திருக்கா, இல்ல அதத் தேடி நான் வந்திருக்கேனா?"

படகுத் தொழிலின் ரகசியம் இப்படி ஒரு அசலூர்க்காரியின் முன் வெளிப்பட்டுவிட்டதில் பெர்பெத்துவாளுக்குக் காது சிவந்தது. உப்புத்தாளைக் கழற்றிச் செருப்பைத் துடைத்து நீட்டினாள். சுடலைவடிவு அதைக் கையில் வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"இத வச்சு என்ன செய்வீங்க?"

"தேய்ப்போம்."

"எப்படி?"

கேட்டவளும் கைத்தொழில்காரி, சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெர்பெத்துவாள் உப்புத்தாளைத் திரும்பச் சுற்றிக் கொடுத்து, வட்டமாகப் போகக் கூடாது, மூலைவாட்டில் ஒருமுறை, மாற்றி மூலைவாட்டில் ஒருமுறை, கையை அமுக்காமல் கட்டையின் பாரத்துக்கே விட்டுவிட வேண்டும் என்று சொன்னாள். இருபத்தைந்து ஆண்டு இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிய கைக்கு இரண்டாவது முறை சொல்லவேண்டியிருக்கவில்லை. சுடலைவடிவு தான் அன்றைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்த இடப்பக்க வளைவைத் தேடிப்பிடித்து, அதன் வெளிப்புறத்தில் இழுத்தாள்.

கோழி சிறகை மடக்குவதுபோலப் புல்லரிப்பு அவள் கையின் கீழ் அடங்கியது. அறுபடவில்லை, தூசிகூட அதிகம் விழவில்லை, அடங்கிற்று. சுடலைவடிவு அடக்க முடியாமல், "நல்லா இருடியம்மா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அமலோற்பவம் "போச்சு!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். அந்த ஒரு முழ இடம் மட்டும் எழவில்லை.

பெர்பெத்துவாள் துணியை விரித்துக் கண்ணை மூடித் தடவினாள். பதினாறு ஆண்டுகளில் தன் கையால் செய்ததைவிட நேராக இருந்தது.

கிறிசோஸ்தமுக்கு விஷயம் எட்டியபோது அவன் ஓடியே வந்தான். "செருப்பாலயா? எம்படகச் செருப்பாலயா தேய்க்கீய?"

"ஒங்க படகு மட்டும் இல்ல தம்பி. இந்தக் கரையில உள்ள அத்தன படகும் செருப்பால தேய்ச்சதுதான்."

அவன் கரையை ஒருமுறை பார்த்தான்; வரிசையாக நின்ற இருபத்தெட்டுப் படகுகளையும், அவற்றின் முன்முனையில் வாடியிருந்த பூமாலைகளையும் பார்த்தான்; பிறகு மணலில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான். "நான் அந்த வெள்ளத்துல அத்தன பேரையும் கழட்டவச்சேனே மைனி!"

மறுநாளே கயிறு அவிழ்ந்தது. பலகையைக் கழற்றித் தேநீர்க் கடைக்கு விறகாகக் கொடுத்தார்கள். கோணிப்பையைக் கவிழ்த்து, கிடைத்த செருப்புகளையெல்லாம் மணலில் பரப்பினார்கள். வேன்கள் வந்தன. தன் செருப்பைத் தேடுகிறவர்களின் கூச்சலில் கொட்டகை திருவிழாச் சந்தையானது. "எனக்கு இடக்கால் மட்டுந்தான் கெடச்சிருக்கு!" "ஒமக்கு ஒண்ணு போதும்வே, ரெண்டு கையாலயுமா தேய்க்கப் போறீரு?" ஒவ்வொருவர் கையிலும் இருந்த செருப்பைப் பெர்பெத்துவாள் வாங்கித் திருப்பிப் பார்த்து, குதிகால் குழிந்ததை அடிமுதுகுக்கு அனுப்பினாள், நடுப்பாகம் வளைந்ததை வயிற்றுக்கு அனுப்பினாள், தட்டையாகத் தேய்ந்ததை நீண்ட பக்கத்துக்கு அனுப்பினாள், சின்னப் பிள்ளைகளின் செருப்பை வேறெந்தக் கட்டையும் நுழையாத முன்முனை மூலைக்கு அனுப்பினாள், ஆச்சரியம் என்னவென்றால், இல்லை, அங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை, அவரவர் செருப்பு பொருந்திய இடமே அவரவர் அன்றைக்கு உட்கார்ந்திருந்த இடமாகவும் இருந்தது. வாழ்த்த வந்தவர்கள் வாய்நிறைய வாழ்த்திக்கொண்டே தேய்த்தார்கள். ஊர்ப் பெண்கள் அவர்களுக்குக் குழம்பு வைத்தார்கள். ஒரு வாரத்தில் அடைக்கலமாதா நீரில் நனைத்த கூழாங்கல்லைப்போல ஆயிற்று.

வலப்பக்க முன்வளைவில், தண்ணீர் கிழிபடும் இடத்தில், ஒரு உள்ளங்கை அகலம் மட்டும் எஞ்சியது.

மேல்பூச்சுப் பூச வேண்டிய கடைசி நாள். யாரும் அந்த இடத்தைக் கேட்டு வரவில்லை. பெர்பெத்துவாள் அருகே போனால் அது எழுந்தது, விலகினால் தணிந்தது.

"அறுபத்தோரு பேரு வந்தாச்சு" என்றாள் அமலோற்பவம், விரல்விட்டு எண்ணி. "எக்கா, இது யாருக்குள்ள எடம்?"

பெர்பெத்துவாள் தகரப் பெட்டியின் முன் உட்கார்ந்தாள். தேக்குப் பலகையை எடுத்து வெளியே வைத்தாள். வேப்பங்கட்டைகளை வைத்தாள். எல்லாவற்றுக்கும் அடியில், செய்தித்தாளில் சுற்றி, தை மாதத்தில் மணலிலிருந்து எடுத்த அன்றே மறைத்து, ஒருநாளும் வேலைக்குத் தொடாத ஒன்று இருந்தது: பெரிய பழுப்புநிற வலக்கால் செருப்பு, பேருந்தின் மிதிகளை ஓயாமல் மிதித்ததில் பெருவிரலின் கீழே கண்ணாடிபோல் மெலிந்தது. அதைக் கண்டெடுத்தபோது அவர் வீட்டில் உயிரோடு தூங்கிக்கொண்டிருந்தார். இருந்தாலும் அவள் அந்த மணலில் உட்கார்ந்து, அவர் வராமல் அது மட்டும் வந்திருந்தால் எப்படியிருக்கும் என்பதை முழுவதுமாக ஒருமுறை கண்டாள். அதன்பிறகுதான் அதைச் சுற்றி அடியில் வைத்தாள்.

உப்புத்தாளைச் சுற்றினாள். படகின் முன் மண்டியிட்டாள். மூலைவாட்டில் ஒருமுறை. மாற்றி ஒருமுறை.

"ஏளா, அது எஞ்செருப்புல்லா?" பின்னால் மதியச் சோற்றுத் தூக்கோடு தொம்மையந்தோணி நின்றிருந்தார். "பதினஞ்சு நாளு வெறுங்காலோட டிப்போவுக்குப் போனேன். நீ இங்க ஒளிச்சு வச்சிருக்க."

"ஒத்தச் செருப்ப வச்சு என்ன செஞ்சிருப்பீய?"

"கேட்டிருக்கலாம்ல."

"கேக்க வாய் வரல" என்றாள் அவள், திரும்பாமல். அவர் தூக்கை வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தார். அவள் கட்டையை விடாமல் இழுத்தாள். வளைவு தணிந்தது. அவள் துணியை விரித்துத் தடவினாள். ஒன்றுமில்லை, வழவழப்பு மட்டும். துணியை எடுத்தபோதுதான் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, வெள்ளைத் தூசிக்கடியில், தன் கையில் அது எழுந்து நிற்பதைக் கண்டாள்.

"குளுருதா?" என்றார் அவர்.

"இல்ல."

ஆனி முதல் வெள்ளிக்கிழமை அடைக்கலமாதா கடலில் இறங்கி மற்ற எல்லாப் படகுகளுக்கும் முன்னால் போய், முன்னால் திரும்பியது. அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் அது முகத்துவாரத்தைத் தாண்டும் நேரத்தில், உள்நாட்டு ஊர்களில் மாவாட்டிக்கொண்டிருப்பவர்களும் மாடு பிடித்துக்கொண்டிருப்பவர்களும் பள்ளிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருப்பவர்களுமாக அறுபத்தோரு பேர் கையிலிருக்கும் வேலையை நிறுத்தித் தம் முன்கையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். சுடலைவடிவு அந்தக் கணத்தில் பெட்டியைத் துணியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்வாளாம், கருகிவிடக் கூடாதென்று. சங்குமுனையில் பெர்பெத்துவாள் அடுப்படியில் நின்று, கை முழுவதும் எழுந்திருக்க, காப்பியை ஆற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவர் ஒரு வாய் குடிக்கிறார்.

"சீனி பத்தல" என்கிறார்.

அவள் போய்ச் சீனி கொண்டுவருகிறாள். வேண்டுமென்றேதான் தினமும் ஒரு கரண்டி குறைத்துப் போடுகிறாள்.